அயோவாவில் மூன்றாம் இடம், டாம்பாவில் 22 வாக்கு: அமெரிக்கக் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜனவரி 3 இரவு, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்காக அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் காகஸ் கூட்டங்கள், அதாவது கட்சிக்காரர்கள் வட்டாரம் வட்டாரமாகக் கூடி வாக்களிக்கும் கூட்டங்கள், நடந்தன. மிட் ராம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் முந்தினார் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, சரிபார்த்த கணக்கு வேறு விதமாக வந்தது. ரிக் சாண்டோரம் 29,839, ராம்னி 29,805. அதாவது சாண்டோரம் 34 வாக்கில் முதலிடம். சுமார் 21 சதவீத வாக்கோடு மூன்றாவதாக வந்தவர் டெக்சாஸ் மாநிலத்தின் கீழவை உறுப்பினர் ரான் பால். தொலைக்காட்சிகள் அந்த 8-ஐயும் 34-ஐயும் பற்றி நாள்கணக்கில் பேசின.

அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் புளோரிடாவின் டாம்பா நகரில், வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாடு கூடியது. மாநிலம் மாநிலமாக எழுந்து வாக்கைச் சொன்னபோது, அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் ரான் பாலுக்கு வாக்களித்தார்கள். ராம்னிக்கு 6. சாண்டோரம் ஏப்ரலிலேயே போட்டியை விட்டு விலகியிருந்தார், அவருக்கு ஒன்றும் இல்லை.

இதில் கள்ள வாக்கு இல்லை, மோசடி இல்லை. எல்லாமே விதிப்படி நடந்தது. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்க வேட்பாளர் தேர்வைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'இன்னார் இத்தனை டெலிகேட்டுகளை (பிரதிநிதிகளை) வென்றார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு வேட்பாளருக்கு எத்தனை இடம் என்று முடிவு செய்வது ஒன்று. அந்த இடங்களில் போய் உட்காரும் ஆட்கள் யார் என்று முடிவு செய்வது மற்றொன்று. முதல் வேலையில் லட்சக்கணக்கானவர்கள் கலந்துகொள்கிறார்கள். இரண்டாவது, பல மாநிலங்களில், சில ஆயிரம் பேர் மட்டும் வருகிற கூட்டங்களில் முடிந்துபோகிறது.

மாநிலத்துக்கு ஒரு முறை ஏன்?

அமெரிக்க அரசியலமைப்பில் கட்சி என்பதே கிடையாது. ஆகவே கட்சி வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சும் இல்லை. பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளருக்காக வாக்குச்சீட்டில் நடக்கும் தேர்தலை, நடத்துவது மாநில அரசு, அதன் சட்டம் மாநிலச் சட்டம். காகஸை நடத்துவது மாநிலக் கட்சி, செலவும் கட்சியுடையது. வந்த பிரதிநிதியை மாநாட்டு மண்டபத்துக்குள் அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது தேசியக் கட்சி. மூன்று அதிகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடத்தில் உரசல் வராமல் இருக்காது.

அந்த உரசலில் கடைசி வார்த்தை யாருடையது என்பது 1972-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் தெரிந்தது. சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியையும் அவரோடு வந்த பிரதிநிதிகளையும் சேர்த்து 59 பேரை, கட்சியின் புதிய விதிகளின்படி தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று சொல்லி மாநாடு வெளியே நிறுத்தியது. அவர்கள் இல்லினாய் மாநிலத் தேர்தலில் முறையாக வென்று வந்தவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-ல் நீதிமன்றம் தேசியக் கட்சியின் பக்கம் நின்றது. 1981-ல் விஸ்கான்சின் மாநில வழக்கிலும் அதே நிலைதான். மாநிலம் தன் விருப்பப்படி பிரைமரி நடத்தலாம், ஆனால் அதன் முடிவை ஏற்கும்படி தேசியக் கட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது தீர்ப்பு.

அயோவாவில் நடந்தது என்ன

அன்றைய அயோவா குடியரசுக் கட்சிக் காகஸ் இரண்டு பகுதிகளாக நடந்தது. பள்ளிக்கூடத்திலோ தேவாலய அறையிலோ அந்த வட்டாரத்துக் கட்சிக்காரர்கள் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் பேசுவார். அப்புறம் துண்டுச்சீட்டில் பெயர் எழுதி வாக்கு. தொலைக்காட்சியில் வந்த கணக்கு இந்தச் சீட்டுகளின் கணக்குதான். இதற்கு யாரையும் கட்டுப்படுத்தும் சக்தி கிடையாது.

சீட்டைப் போட்டதும் பெரும்பாலானவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஜனவரி இரவு, வெளியே கடும் குளிர், மறுநாள் வேலை. இருப்பவர்களைக் கொண்டு கூட்டம் தொடரும். மாவட்டம் போன்ற அமைப்பான கவுன்டியின் மாநாட்டுக்கு இங்கிருந்து யார் போவது என்று அப்போதுதான் கேட்பார்கள். கை தூக்குகிறவர்கள் குறைவாக இருந்தால் தூக்கியவர்கள் எல்லோரும் போகலாம்.

ரான் பாலின் பிரசாரக் குழு தன் ஆதரவாளர்களுக்குக் கொடுத்த முக்கியமான அறிவுரை, வாக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருங்கள் என்பது. இருந்து, பெயர் கொடுத்து, கவுன்டி மாநாட்டுக்குப் போங்கள். மார்ச்சில் கவுன்டி மாநாடு. அங்கே வந்தவர்களிலிருந்து ஏப்ரலில் கீழவைத் தொகுதி மாநாட்டுக்கும் ஜூனில் மாநில மாநாட்டுக்கும் ஆட்கள். ஒவ்வொரு படியிலும் சனிக்கிழமை முழுவதும் செலவழித்து, விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தவர்கள் ரான் பால் ஆட்கள். மற்ற வேட்பாளர்களின் ஆதரவாளர்கள் படிக்குப் படி குறைந்தார்கள். ஜூன் மாதம் மாநில மாநாடு முடிந்தபோது தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 25 இடங்களில் மிகப் பெரும்பாலானவை அவர்களிடம் இருந்தன. மீதி 3 இடங்கள் மாநிலக் கட்சித் தலைமைக்கு உரியவை.

எனக்கு இதில் ரான் பால் ஆட்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் மறைவாக எதுவும் செய்யவில்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது, அவர்கள் நுழைந்தார்கள். என் வருத்தம், ஜனவரி 3 அன்று வந்து சீட்டுப் போட்ட ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலானோர் அன்று தாங்கள் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தீர்மானித்ததாகவே நம்பி வீட்டுக்குப் போனார்கள். அந்த நம்பிக்கையைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை.

மற்ற மாநிலங்களில் அதே உத்தி

மினசோட்டாவில் பிப்ரவரிக் காகஸில் சாண்டோரம் 45 சதவீதத்தோடு முதலிடம். ரான் பால் 27. டாம்பாவில் மினசோட்டாவின் 40 வாக்குகளில் 33 ரான் பாலுக்கு. அங்கேயும் காகஸ் வாக்கு கட்டுப்படுத்தாத வாக்குதான், அயோவா போலவே.

நெவாடாவின் விதி வேறு. அங்கே காகஸ் வாக்கு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும். ராம்னி பாதி வாக்குப் பெற்றிருந்தார். மற்ற இருவர் விலகிய பிறகு 28 பேரில் 20 பேர் ராம்னிக்கும் 8 பேர் பாலுக்கும் வாக்களிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் மே மாதம் ஸ்பார்க்ஸ் நகரில் நடந்த மாநில மாநாட்டில் தேர்வான 25 ஆட்களில் 22 பேர் பாலின் ஆதரவாளர்கள். ராம்னிக்கு வாக்களிக்கக் கடமைப்பட்ட நாற்காலியில் பாலின் ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? டாம்பாவில் நெவாடா குழு 17 வாக்கைப் பாலுக்கு என்றும், 5-ஐ ராம்னிக்கு என்றும் அறிவித்தது. மற்றவர்கள் வாக்களிக்கவில்லை. விதியை மீறிச் செய்தார்கள். அவர்களை அங்கே தடுக்க யாரிடமும் வழி இருக்கவில்லை.

ராம்னி ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸிலேயேகூட இது நடந்தது. மார்ச் பிரைமரியில் அவர் 72 சதவீதம் வாங்கியிருந்தார். ஏப்ரலில் தொகுதிவாரியாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கூட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட இடங்களைப் பாலின் ஆதரவாளர்கள் பிடித்தார்கள். மாநிலக் கட்சி உடனே, ராம்னிக்கு வாக்களிப்பேன் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னது. குறித்த நேரத்தில் கொடுக்காதவர்கள் நீக்கப்பட்டார்கள்.

மெய்ன் மாநிலத்தில்தான் கசப்பு அதிகம். காகஸில் ராம்னி 200-க்கும் குறைவான வாக்குகளில் முன்னால் வந்தார். பனிப்புயல் வரும் என்ற அறிவிப்பால் ஒரு கவுன்டியில் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதும், முதலில் அறிவித்த கணக்கில் அந்தக் கவுன்டி சேராததும் சண்டைக்கு எண்ணெய் ஊற்றின. மே மாதம் அகஸ்டாவில் கூடிய மாநில மாநாட்டில் 24 இடங்களில் 21-ஐப் பாலின் ஆட்கள் கைப்பற்றினார்கள். தேர்வு நடந்த விதம் சரியில்லை என்று தேசியக் கட்சியிடம் முறையீடு போனது. டாம்பாவில் தகுதி ஆய்வுக் குழு அவர்களில் 10 பேரை நீக்கி, அந்த இடங்களில் ராம்னி ஆதரவாளர்களை அமர்த்தியது. மெய்ன் குழுவினர் பலர் கோஷம் போட்டபடி மண்டபத்தை விட்டு வெளியேறினார்கள். கடைசிக் கணக்கு: ராம்னி 14, பால் 10.

மொத்தத்தில் ராம்னிக்கு 2,061 வாக்குகள், பாலுக்கு 190. முடிவு மாறவே இல்லை. அதைவிட நீண்ட நாள் விளைவை உண்டாக்கியது அதே மாநாட்டில் நடந்த விதித் திருத்தம்.

டாம்பாவில் மாறிய விதிகள்

இரண்டு திருத்தங்கள் முக்கியம். ஒன்று, 16-ஆம் விதி. ஒரு மாநிலம் முழுவதற்குமாக வேட்பாளர் விருப்ப வாக்கெடுப்பு நடத்தினால் அதன்படியே பிரதிநிதிகளின் வாக்கு பிரிக்கப்பட வேண்டும், அவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அயோவா போல வாக்கை ஒரு பக்கமும் ஆட்களை இன்னொரு பக்கமும் விடுவது இனி முடியாது. இன்னொன்று, 40-ஆம் விதியின் ஒரு பிரிவு. மாநாட்டில் ஒருவர் பெயரை முன்மொழிய முன்பு ஐந்து மாநிலக் குழுக்களில் அதிக ஆதரவு இருந்தால் போதும். அதை எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை ஆதரவு என்று உயர்த்தினார்கள்.

இந்தத் திருத்தங்கள் அடங்கிய விதி அறிக்கையைக் குரல் வாக்கெடுப்புக்கு விட்டவர் கீழவைத் தலைவர் ஜான் பேனர். 'இல்லை' என்ற கூச்சல் 'ஆம்' என்றதற்குக் கொஞ்சமும் குறையாமல் எழுந்தது. நிறைவேறியதாக அறிவித்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மண்டபம் முழுக்கக் கேட்ட எதிர்ப்பை எண்ணிப் பார்க்கக்கூட மறுத்தது தவறு என்றே நான் கருதுகிறேன். ஒரு மணி நேரம் செலவழித்துத் தலை எண்ணியிருந்தாலும் ராம்னி தரப்பு வென்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வென்றிருந்தால் அந்த விதிகளுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

கொலராடோ, 2016

புதிய 16-ஆம் விதியில் 'வாக்கெடுப்பு நடத்தினால்' என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, நடத்தாவிட்டால்? கொலராடோ குடியரசுக் கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. 2015 ஆகஸ்டில் அதன் நிர்வாகக் குழு காகஸ் இரவின் வேட்பாளர் வாக்கெடுப்பையே ரத்து செய்தது. கட்டாயமாக ஒருவருக்குக் கட்டுப்படுவதைவிட, யாருக்கும் கட்டுப்படாத பிரதிநிதிகளை அனுப்பும் உரிமை மேல் என்பது அவர்கள் வாதம்.

2016 மார்ச் 1 அன்று கொலராடோவில் காகஸ் கூட்டங்கள் நடக்கத்தான் செய்தன. ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களில் மக்கள் சாண்டர்ஸா ஹிலாரியா என்று வாக்களித்தார்கள், சாண்டர்ஸ் வென்றார். அதே இரவு அதே ஊரில் குடியரசுக் கட்சிக் கூட்டத்துக்குப் போனவர்களிடம் டிரம்பா குரூஸா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த படிக் கூட்டங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைந்தார்கள்.

37 இடங்களில் 3 கட்சித் தலைமைக்கு. ஏழு கீழவைத் தொகுதிகளில் தலா 3 வீதம் 21. மீதி 13 பேரை ஏப்ரல் 9 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் மாநில மாநாடு தேர்ந்தெடுத்தது. அந்த 13 இடங்களுக்கு 600-க்கும் மேற்பட்டவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் பேச 10 வினாடி. பெயர், எண், யாருக்கு ஆதரவு, அவ்வளவுதான் சொல்ல முடியும். டெட் குரூஸின் குழு தன் ஆட்களின் எண்களை ஒரே வண்ணச் சட்டைகளிலும் துண்டறிக்கையிலும் அச்சடித்து வைத்திருந்தது. குரூஸே நேரில் வந்து பேசினார். டிரம்ப் தரப்பு விநியோகித்த பட்டியலில் சில எண்கள் தவறாக இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட 34 இடங்களும் குரூஸ் பக்கம் போயின.

டிரம்ப் கொதித்தார். மக்களின் வாக்கைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார். கொலராடோ கட்சியினர், விதிகள் எட்டு மாதத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்டவை என்று பதில் சொன்னார்கள். இரண்டுமே உண்மை. வாக்காளரிடம் கேட்காததும் உண்மை, அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்னதும் உண்மை. விதி தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடக்கும் போட்டியில் தெரிந்தவன் வெல்கிறான். ஆனால் அந்தப் போட்டியில் சாதாரண வாக்காளர் இறக்கப்படவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அந்த ஆண்டு மற்ற மாநிலங்களும் சேர்ந்து ஒரு பாடப்புத்தகம் போலவே அமைந்தன. கலிபோர்னியாவில் வேட்பாளரின் குழுவே பெயர்ப் பட்டியலைக் கொடுக்கும், அதனால் அங்கே ஆள் மாறும் பயம் இல்லை. தென் கரோலினாவில் டிரம்ப் 50 இடங்களையும் வென்றார். ஆனால் பிரதிநிதியாக நிற்க முந்தைய ஆண்டின் மாநில மாநாட்டில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்பது விதி. டிரம்பைப் பார்த்துக் கட்சிக்குப் புதிதாக வந்தவர்கள் நிற்கவே முடியாது. பென்சில்வேனியாவில் 71 இடங்களில் 54 பேர் நேரடியாக வாக்குச்சீட்டில் நின்றார்கள். ஆனால் யாருக்கு ஆதரவு என்ற குறிப்பு சீட்டில் இருக்காது, வெறும் பெயர்தான். இல்லினாயில் அந்தக் குறிப்பு உண்டு. அங்கே வேறொரு கொடுமை. டிரம்ப் பட்டியலில் இருந்த மூன்று பேரில் வெளிநாட்டுச் சாயல் உள்ள பெயர் கொண்டவருக்கு மட்டும் வாக்கு குறைந்த தொகுதிகள் இருந்தன, அதனால் அவருக்கு வர வேண்டிய இடங்கள் கைமாறின. வேட்பாளருக்காக வந்த வாக்காளர் ஆளின் பெயரைப் பார்த்துத் தயங்கியிருக்கிறார். நம்மவர்கள் அங்கே கட்சி வேலைக்குப் போகும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

கிளீவ்லாந்து

ஜூலையில் ஓஹியோவின் கிளீவ்லாந்தில் மாநாடு. டிரம்புக்குத் தேவையான 1,237-க்கு மேலேயே வாக்குகள் சேர்ந்துவிட்டன. பிரதிநிதிகளை மனசாட்சிப்படி வாக்களிக்க விட வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. விதி அறிக்கையின் மீது பெயர் வாசித்து வாக்கெடுக்கக் கோர ஏழு மாநிலக் குழுக்களின் பெரும்பான்மை கையெழுத்து வேண்டும். ஒன்பது மனுக்கள் வந்தன, மூன்று பின்வாங்கின, போதவில்லை என்று மேடையில் இருந்த ஸ்டீவ் வோமாக் அறிவித்தார். மறுபடியும் குரல் வாக்கெடுப்பு. கொலராடோ குழு எழுந்து வெளியே நடந்தது.

மறுநாள் வாக்கு அறிவிப்பில் நடந்ததை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். யூட்டா மாநிலத்தில் குரூஸ் 69 சதவீதம் வாங்கி 40 இடங்களையும் வென்றவர். குழுத் தலைவர் ஒலிவாங்கியில் 40-ம் குரூஸுக்கு என்றார். மேடையில் டிரம்புக்கு 40 என்று பதிவானது. அலாஸ்கா மூன்று பேருக்குப் பிரித்துச் சொன்ன 28 வாக்குகளும் டிரம்புக்கே எழுதப்பட்டன. போட்டியில் இருந்த மற்ற இருவரான ரூபியோவுக்கும் கேசிக்குக்கும் வாக்களித்த தலைநகர் வாஷிங்டனின் 19-ம் அப்படியே. வேட்பாளர் விலகிவிட்டால் அல்லது முன்மொழியப்படாவிட்டால் வாக்கு யாருக்குப் போகும் என்று அந்தந்த இடத்துக் கட்சி விதிகளில் எழுதியிருந்ததைக் காரணமாகக் காட்டினார்கள். நான்கு ஆண்டுக்கு முன் வாக்காளர் சொன்னதை ஆட்கள் மாற்றினார்கள். இப்போது ஆட்கள் வாக்காளர் சொன்னபடியே சொல்லியும், எழுதுகிறவர்கள் மாற்றினார்கள்.

ஜனநாயகக் கட்சியில் இது ஏன் நடப்பதில்லை

சுருக்கமாகச் சொன்னால், அங்கே தேசியக் கட்சியின் பிடி இறுக்கம். எல்லா மாநிலத்திலும் விகிதாசாரம்தான், 15 சதவீதம் எட்டியவர்களுக்கு இடம். ஆண் பெண் சமப் பங்கு. முக்கியமானது, பிரதிநிதியாக நிற்பவர்களின் பட்டியலை வேட்பாளர் பார்த்து, தன் ஆள் இல்லை என்று தோன்றுபவரை நீக்கலாம். ரான் பால் வழி அங்கே முதல் கூட்டத்திலேயே அடைபட்டுவிடும். ஆனாலும் பிரதிநிதி முழுக்கக் கட்டப்பட்டவர் இல்லை. 1980-ல் பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தலாமா என்று அதிபர் கார்ட்டருக்கும் அவரை எதிர்த்து நின்ற எட்வர்ட் கென்னடிக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு, தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்ற அளவுக்கு விதி தளர்ந்தது. அந்தச் சிறு இடைவெளிக்கு 2024 ஜூலை 21 அன்று பெரிய வேலை வந்தது. பைடன் விலகினார். அவருக்காகத் தேர்வான சுமார் 3,900 பேர் ஒரே நாளில் யாருக்கும் கட்டுப்படாதவர்களானார்கள். அடுத்த இரண்டு நாட்களுக்குள் தேவையான பெரும்பான்மை கமலா ஹாரிஸ் பக்கம் வந்தது. சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் வேட்பாளரானது, பெரும்பாலான அமெரிக்கர்கள் பெயர்கூடக் கேட்டிராத அந்தப் பிரதிநிதிகளின் வாக்கால்.

அதற்குப் பிறகு

கொலராடோ வாக்காளர்கள் 2016 நவம்பரில் 107-ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, அதிபர் பிரைமரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மினசோட்டாவும் மெய்னும்கூடச் சட்டம் இயற்றின. மூன்று மாநிலங்களும் 2020 மார்ச் 3 அன்று பிரைமரி நடத்தின. காகஸ் நடத்தும் மாநிலங்கள் 2020-ல் வெகுவாகக் குறைந்திருந்தன.

நெவாடா மட்டும் வேறு பாதையில் போனது. 2021-ல் மாநில அரசு பிரைமரியைச் சட்டமாக்கியது. குடியரசுக் கட்சி அதை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரி 6 அன்று அரசு நடத்திய பிரைமரியில் நிக்கி ஹேலி பெயர் இருந்தது, டிரம்ப் பெயர் இல்லை. 'இவர்களில் யாரும் இல்லை' என்ற கட்டத்துக்கு 63 சதவீதம் விழுந்து ஹேலி அதனிடம் தோற்றார். இரண்டு நாள் கழித்துக் கட்சி தானாக நடத்திய காகஸில் டிரம்ப் வென்றார், பிரதிநிதிகள் எல்லோரும் அந்தக் காகஸிலிருந்து மட்டுமே. பிரைமரிக்கு வந்தவர்களின் வாக்கு ஒரு பிரதிநிதியைக்கூட அனுப்பவில்லை.

கொலராடோவில் பிரைமரி வந்த பிறகும் குடியரசுக் கட்சியில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடம் மாறவில்லை. எத்தனை இடம் யாருக்கு என்பதை மார்ச்சில் தபாலில் வரும் வாக்குச்சீட்டு சொல்கிறது. போகிற ஆள் யார் என்பது இன்றும் ஏப்ரலில் கூடும் தொகுதிக் கூட்டத்திலும் மாநில மாநாட்டிலும்தான் முடிவாகிறது.